பிரிண்டர் இணையவில்லையா? டிரைவரைத் தொடும் முன் இந்த வரிசையில் பாருங்கள்

நேற்று மாலை வரை ஓடிய பிரிண்டர் இன்று காலை ‘ஆஃப்லைன்’ என்று காட்டுகிறது. இந்த நேரத்தில் பலரும் முதலில் கைவைப்பது, கணினியைப் பிரிண்டரோடு பேசவைக்கும் மென்பொருளான டிரைவரில்தான். அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். விளைவு, ஒரே பிரிண்டர் ‘காப்பி 1’, ‘காப்பி 2’ என்று பட்டியலில் மூன்று முறை நிற்கும். எதற்குக் கொடுத்தால் தாள் வரும் என்று யாருக்கும் தெரியாது. டிரைவர் தானாகக் கெடுவது குறைவு. இரவில் கரண்ட் போய் வந்ததில் ரூட்டர் பிரிண்டருக்கு வேறு எண் (வலைக்குள் அதன் முகவரி) கொடுத்திருக்கும். அல்லது இணைய நிறுவனத்து ஆள் மோடத்தை மாற்றிவிட்டுப் போயிருப்பார். அல்லது யாரோ யூ.எஸ்.பி. கேபிளைப் பிடுங்கி வேறு துளையில் செருகியிருப்பார்கள். எது மாறியது என்று கண்டுபிடிப்பதுதான் இங்கே வேலை. சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும்.

நீங்கள் கொடுக்கும் பிரிண்ட் நான்கு இடங்களைத் தாண்டித் தாளுக்கு வருகிறது. கணினியில் வேலைகள் காத்திருக்கும் வரிசை, அந்த வேலையை எந்த வழியில் அனுப்புவது என்று சொல்லும் ‘போர்ட்’, நடுவில் கேபிள் அல்லது வைஃபை, கடைசியில் பிரிண்டர். இந்தக் கட்டுரை பிரிண்டரில் தொடங்கிக் கணினியை நோக்கி வருகிறது. பிரிண்டர் பக்கம் சரி என்று தெரியாமல் கணினியில் எதை மாற்றினாலும் அது இருட்டில் தடவுவதுதான்.

பிரிண்டரில் வைஃபை உண்டா?

வைஃபையே இல்லாத பிரிண்டரை வைஃபையில் சேர்க்க அரை நாள் போராடுகிறவர்கள் உண்டு. அவர்கள் மேல் தவறில்லை, பெட்டிகள் அவ்வளவு ஒத்திருக்கின்றன. எப்சன் எல்3210, எல்3250 இரண்டும் பார்க்க ஏறத்தாழ ஒன்றுதான். முதலாவதில் யூ.எஸ்.பி. மட்டும், இரண்டாவதில் வைஃபையும் உண்டு. எல்3110, எல்3150 மாடல்களுக்கும் இதே வேறுபாடு. கேனான் ஜி2010 யூ.எஸ்.பி., ஜி3010 வைஃபை. பிரதர் டி220 யூ.எஸ்.பி., டி420டபிள்யூ வைஃபை. ஜெராக்ஸ் கடைகளில் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கும் எச்.பி. லேசர்ஜெட் 1020 பிளஸ், எம்1005, கேனான் எல்.பி.பி.2900பி மூன்றிலும் யூ.எஸ்.பி. மட்டுமே. லேசர் பிரிண்டர்களில் மாடல் எண்ணின் வால் எழுத்தே பல நேரம் பதில் சொல்லிவிடும்: ‘டபிள்யூ’ இருந்தால் வைஃபை, ‘என்’ இருந்தால் லேன் கேபிள், ‘டி’ இருந்தால் இருபக்க அச்சு.

கணினி இல்லாமல் பிரிண்டரைச் சோதியுங்கள்

சிவப்பு அல்லது ஆரஞ்சு விளக்கு எரிகிறதா? தாள் தட்டு காலியா, பின்மூடி சரியாக மூடவில்லையா, மை முடிந்துவிட்டதா? இவற்றில் எது இருந்தாலும் கணினி சில சமயம் ‘ஆஃப்லைன்’ என்றே சொல்லும். ஸ்கேனர் உள்ள பிரிண்டர் என்றால், கண்ணாடியில் ஒரு தாளை வைத்து நகல் எடுங்கள். நகல் வந்தால் இயந்திரம் நலம், கோளாறு இணைப்பில்தான்.

அடுத்தது எல்லாவற்றையும் அணைத்துப் போடுவது. இதில் வரிசை முக்கியம். பிரிண்டர், ரூட்டர் இரண்டையும் அணைத்துப் பிளக்கைப் பிடுங்கி அரை நிமிடம் விடுங்கள். முதலில் ரூட்டரை மட்டும் போட்டு, இணைய விளக்கு நிலையாக எரியும் வரை இரண்டு மூன்று நிமிடம் காத்திருங்கள். பிறகு பிரிண்டர். கடைசியில் கணினியை ‘ரீஸ்டார்ட்’ செய்யுங்கள். கரண்ட் வந்ததும் பிரிண்டர் சட்டென்று விழித்துவிடும். ஃபைபர் மோடம் தாமதமாக வரும். வைஃபையைத் தேடிக் கிடைக்காமல் சில பிரிண்டர்கள் முயற்சியைக் கைவிட்டு அப்படியே நின்றுவிடுகின்றன. காலையில் மட்டும் வரும் ‘ஆஃப்லைன்’ தொல்லைக்கு இது ஒரு பெரிய காரணம். ரூட்டரை யூ.பி.எஸ்ஸில் போட்டால் இது குறையும். ஆனால் லேசர் பிரிண்டரை யூ.பி.எஸ்ஸில் போடாதீர்கள். தாளைச் சூடாக்கும் பகுதி திடீரென்று இழுக்கும் மின்சாரத்தைச் சிறிய யூ.பி.எஸ். தாங்காது.

அறிக்கைத் தாளை எடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள். வைஃபை அல்லது லேன் உள்ள எந்தப் பிரிண்டரும் தன் இணைப்பு நிலையை ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுக்கும். திரை உள்ள மாடல்களில் ‘செட்டிங்ஸ்’ அல்லது ‘நெட்வொர்க்’ பட்டியலுக்குள் ‘ரிப்போர்ட்’ என்று இருக்கும். எப்சன் எல் வரிசை வைஃபை மாடல்கள் பலவற்றில் இதற்கென்றே முன்பலகையில் தனிப் பொத்தான் இருக்கிறது. திரையில்லாத லேசர்களில் பொதுவாக ஒரு பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். எது என்பது கையேட்டில் இருக்கும்.

அந்தத் தாளில் ஐ.பி. முகவரி என்ற வரியைப் பாருங்கள். ரூட்டர் கொடுத்த எண் அதுதான்.

அது காலியாகவோ 0.0.0.0 என்றோ இருந்தால், பிரிண்டர் வைஃபையில் சேரவே இல்லை. கணினியைத் தொட வேண்டாம்.

169.254 என்று தொடங்கினால், ரூட்டரிடமிருந்து எண் கிடைக்கவில்லை. பிரிண்டர் தானே ஒரு தற்காலிக எண்ணைப் போட்டுக்கொண்டது. லேன் கேபிளில் இது வந்தால் கேபிளையும் ரூட்டரின் துளையையும் மாற்றிப் பாருங்கள். செருகும் இடத்தில் சிறு விளக்கு எரிய வேண்டும். அலுவலகங்களில் மேசைக் காலுக்கடியில் நசுங்கிய கேபிளும், கிளிப் உடைந்து பாதி வெளியே வந்த முனையும்தான் அடிக்கடி சிக்கும் குற்றவாளிகள்.

192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால் நல்ல செய்தி. பிரிண்டர் ரூட்டரோடு பேசிக்கொண்டிருக்கிறது. இப்போது கணினியிலோ ஃபோனிலோ பிரவுசரைத் திறந்து, முகவரி இடத்தில் அந்த எண்ணை மட்டும் தட்டுங்கள். பெரும்பாலான நெட்வொர்க் பிரிண்டர்களுக்குள் ஒரு சிறு இணையப் பக்கம் இருக்கிறது, அது திறக்க வேண்டும். பாதுகாப்பு எச்சரிக்கை வந்தால் பயப்பட வேண்டாம். உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் பக்கம்தான், தொடருங்கள். பக்கம் திறந்தால் வழி சரி, கோளாறு கணினியின் போர்ட்டிலோ வரிசையிலோ இருக்கிறது. திறக்கவில்லை என்றால், இரண்டும் வெவ்வேறு வலைகளில் இருக்கின்றன, அல்லது நடுவில் ஏதோ தடுக்கிறது.

‘கமாண்ட் ப்ராம்ப்ட்’ பழக்கம் உள்ளவர்கள் பிங் செய்தும், அதாவது அந்த எண்ணைக் கூப்பிட்டுப் பதில் வருகிறதா என்றும், பார்க்கலாம். ஒரு பொறி உண்டு. ‘ரிப்ளை ஃப்ரம்’ என்று தொடங்கி ‘டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’ என்று முடிந்தால், அது பிரிண்டரின் பதில் இல்லை. உங்கள் கணினியே ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று சொல்லும் வரி. அந்த வரியில் இருக்கும் எண் யாருடையது என்று பாருங்கள், புரிந்துவிடும்.

வைஃபையில் சேர மறுக்கிறது

வீட்டுப் பிரிண்டர்களில் மிகப் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே அறியும். இன்றைய ரூட்டர்கள் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் ஒலிபரப்புகின்றன. ஃபோன் 5இல் இருக்கும்போது, அதிலிருக்கும் பிரிண்டர் நிறுவனத்தின் செயலி பிரிண்டரையும் அங்கேயே சேர்க்கப் பார்த்துத் தோற்கும். ரூட்டர் அமைப்பில் 5 கிகாஹெர்ட்ஸைச் சற்று நேரம் அணைத்துவிட்டுப் பிரிண்டரைச் சேருங்கள். சேர்ந்தபின் மறுபடி போட்டுக்கொள்ளலாம். இரண்டு அலைவரிசைகளும் ஒரே ரூட்டரில்தான் முடிகின்றன என்பதால் ஃபோன் 5இலும் பிரிண்டர் 2.4இலும் இருந்தாலும் பிரிண்ட் போகும். 2.4இன் சேனல் 12, 13 என்று இருந்தால் 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றாக மாற்றுங்கள். சில பிரிண்டர்களுக்கு 11க்கு மேல் தெரியாது.

அடுத்த தடை பாதுகாப்பு வகை. புது ரூட்டரில் டபிள்யூ.பி.ஏ. 3 மட்டும் இயங்கினால் பழைய பிரிண்டரால் நுழைய முடியாது. கடவுச்சொல் சரியாகவே இருக்கும், ஆனாலும் ‘தவறு’ என்று சொல்லும். மக்கள் அதை நம்பிப் பத்து முறை தட்டிப் பார்ப்பார்கள். டபிள்யூ.பி.ஏ. 2, 3 கலந்த நிலைக்கு மாற்றுங்கள். அதுவும் ஒத்துவரவில்லை என்றால் டபிள்யூ.பி.ஏ. 2 மட்டும் வையுங்கள். மிகப் பழைய டபிள்யூ.இ.பி. வகைக்கு ஒருபோதும் இறங்காதீர்கள், அது பூட்டே இல்லாத கதவு.

ஃபோன் செயலி வழியே சேர்ப்பவர்கள் முதல் நிமிடத்திலேயே தோற்பதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. சேர்க்கும் நேரத்தில் ஃபோன் சற்று நேரம் பிரிண்டரின் சொந்த வைஃபையோடு இணைய வேண்டும். அதில் இணையம் இல்லை. ‘இந்த வைஃபையில் இணையம் இல்லை’ என்று முடிவு செய்து ஃபோன் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். எனவே தொடங்கும் முன் மொபைல் டேட்டாவை அணையுங்கள். ஆண்ட்ராய்டில் செயலிக்கு இருப்பிட அனுமதியும், புளூடூத்தும் கொடுங்கள். இருப்பிட அனுமதி இல்லாமல் அருகிலுள்ள வைஃபைகளைச் செயலியால் பார்க்க முடியாது.

பிரிண்டரும் சேர்க்கும் நிலையில் இருக்க வேண்டும். எச்.பி. மாடல்கள் பலவற்றில் வயர்லெஸ் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் பழைய வைஃபை விவரங்கள் அழிந்து, நீல விளக்கு மினுக்கத் தொடங்கும். அந்த நிலை இரண்டு மணி நேரம் நீடிக்கும். தாண்டிவிட்டால் மறுபடி தொடங்க வேண்டும். ரூட்டரில் டபிள்யூ.பி.எஸ். பொத்தான் இருந்தால் கடவுச்சொல்லே தட்ட வேண்டாம். ஒன்றை அழுத்திய இரண்டு நிமிடத்துக்குள் மற்றதை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். திரையில்லாத பிரிண்டர்களுக்கு இதுவே எளிய வழி. ஆனால் டபிள்யூ.பி.ஏ. 3 மட்டும் இயங்கும் ரூட்டரில் இது வேலை செய்யாது.

முதல்முறை சேர்க்கும்போது பிரிண்டரை ரூட்டர் இருக்கும் அறைக்கே கொண்டுபோங்கள். சேர்ந்தபின் பழைய இடத்தில் வைத்து, அறிக்கைத் தாளில் சிக்னல் அளவைப் பாருங்கள். மைனஸ் 50 டி.பி.எம். என்றால் நன்று, மைனஸ் 70 தாண்டினால் அவ்வப்போது விட்டுப்போகும், மைனஸ் 80க்குப் போனால் நம்ப முடியாது. இரும்பு பீரோவுக்குப் பக்கத்திலோ மைக்ரோவேவ் அடுப்புக்குப் பக்கத்திலோ பிரிண்டரை வைத்திருந்தால், ஓரடி நகர்த்துவதே போதுமான மருந்தாக இருக்கலாம்.

இன்னும் சில. ரூட்டரின் கெஸ்ட் வைஃபையில் பிரிண்டரைச் சேர்க்காதீர்கள். அங்கே சாதனங்கள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி தடுப்பு இருக்கும். ‘ஏ.பி. ஐசொலேஷன்’ என்ற அமைப்பும் அதையே செய்யும். லேன் துளை உள்ள சில பிரிண்டர்களில் கேபிள் செருகியிருக்கும்வரை வைஃபை தானாக அணைந்துவிடும். வைஃபைக்கு மாற வேண்டுமென்றால் கேபிளைக் கழற்றுங்கள்.

ரூட்டரையே மாற்றியவர்களுக்கு எளிய உபாயம் ஒன்று உண்டு. புது ரூட்டருக்குப் பழைய வைஃபை பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் எழுத்துக்கு எழுத்து, பெரிய எழுத்து சிறிய எழுத்து உட்பட, அப்படியே வையுங்கள். பாதுகாப்பு வகையும் பழையதாகவே இருக்கட்டும். பிரிண்டர், டி.வி., கேமரா எல்லாம் எதுவும் நடக்காதது போலத் தாமாகச் சேர்ந்துகொள்ளும்.

ஒரே வீட்டில் இரண்டு வலைகள்

பிரிண்டரிடம் நல்ல எண் இருக்கிறது, கணினியிலும் இணையம் வருகிறது, ஆனாலும் பிரவுசரில் பக்கம் திறக்கவில்லை. கணினியின் எண்ணைப் பாருங்கள். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், நெட்வொர்க், வைஃபை பிராப்பர்டீஸ் என்று போனால் ஐ.பி.வி.4 முகவரி இருக்கும். வீட்டு வலைகளில் முதல் மூன்று பகுதிகள் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பிரிண்டர் 192.168.1.20, கணினி 192.168.0.105 என்று இருந்தால் அவை வேறு வேறு வலைகள்.

இணைய நிறுவனம் கொடுத்த ஃபைபர் மோடமே ஒரு ரூட்டர்தான். மாடியில் சிக்னல் போதவில்லை என்று கடையில் இன்னொரு ரூட்டர் வாங்கி அதன் ‘வான்’ துளையில் (வெளியிலிருந்து இணையம் வரும் துளை) கேபிளைச் செருகினால் வீட்டுக்குள் இரண்டாவது வலை உருவாகிவிடும். இரண்டு வைஃபையிலும் யூடியூப் ஓடுவதால் யாருக்கும் சந்தேகமே வராது. இரண்டாவது ரூட்டரைத் தனி வலை உருவாக்காமல் முதல் வலையையே நீட்டிக்கும் ‘ஆக்சஸ் பாயின்ட்’ நிலைக்கு மாற்றுங்கள். அந்த வசதி இல்லாத பழைய ரூட்டர் என்றால், அதன் சொந்த எண்ணை முதல் வலைக்குள் யாரும் பயன்படுத்தாத ஒன்றாக மாற்றி, அதன் டி.எச்.சி.பி.யை (சாதனங்களுக்கு எண் கொடுக்கும் வேலை) அணைத்து, கேபிளை ‘வான்’ துளைக்குப் பதில் லேன் துளையில் செருகுங்கள். இந்த வரிசையிலேயே செய்யுங்கள். கேபிளை முதலில் மாற்றினால் இரண்டு ரூட்டர்களும் எண் கொடுக்கப் போட்டியிட்டு வீடு முழுக்க இணையம் குழம்பும்.

எண்கள் ஒத்துப்போயும் பக்கம் திறக்காவிட்டால், அலுவலக லேப்டாப்பில் வி.பி.என். (அலுவலக வலைக்குத் தனிப் பாதை போடும் மென்பொருள்) ஓடுகிறதா பாருங்கள். பல வி.பி.என்.கள் வீட்டு வலையை மறைத்துவிடும். அதே வைஃபை பிராப்பர்டீஸ் பக்கத்தில் வலை வகை ‘பப்ளிக்’ என்று இருந்தால் ‘பிரைவேட்’ ஆக்குங்கள். இதைச் சொந்த வீட்டிலும் அலுவலகத்திலும் மட்டும் செய்யுங்கள், காபிக் கடை வைஃபையில் வேண்டாம்.

எண் மாறியதால் வரும் ஆஃப்லைன்

பிரிண்டர் பக்கம் திறக்கிறது, பிரிண்ட் மட்டும் போகவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான். பிரிண்டரை முதலில் நிறுவிய நாளில் அதன் எண் 192.168.1.5 ஆக இருந்திருக்கும். கணினி அதை எழுதிவைத்துக்கொண்டது. ரூட்டர் அணைந்து எழுந்தபோது 5 வேறொரு ஃபோனுக்குப் போய்விட்டது, பிரிண்டருக்கு 9 கிடைத்தது. கணினியோ இன்னும் 5இன் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது.

நிலையான தீர்வு இரண்டு பகுதி. முதலில் பிரிண்டரின் எண் மாறாதபடி செய்யுங்கள். ரூட்டர் அமைப்புக்குள் போய் டி.எச்.சி.பி. பகுதியில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ அல்லது ‘ஸ்டாடிக் பைண்டிங்’ என்பதைத் தேடுங்கள். ரூட்டரின் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, ஜியோஃபைபரில் 192.168.29.1, நுழைவுப் பெயரும் கடவுச்சொல்லும் ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். அறிக்கைத் தாளில் இருக்கும் பிரிண்டரின் மேக் முகவரியை (அந்தச் சாதனத்துக்கே உரிய அடையாள எண்) எழுதி, அதற்கு ஒரு எண்ணை, உதாரணமாக 192.168.1.200ஐ, ஒதுக்குங்கள். பிரிண்டரை ஒருமுறை அணைத்துப் போட்டால் புது எண் வந்துவிடும். பிரிண்டரின் திரையில் கையால் எண் போடவும் முடியும். ஆனால் ரூட்டர் பகிரும் வரம்புக்குள் இருக்கும் எண்ணைப் போட்டால், அதே எண்ணை ரூட்டர் வேறொரு சாதனத்துக்கும் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு. ரூட்டரில் ஒதுக்குவதே மேல்.

இரண்டாவது, கணினிக்கு அந்த எண்ணைச் சொல்லுங்கள். விண்டோஸ் 11இல்:

1. செட்டிங்ஸ், புளூடூத் அண்ட் டிவைசஸ், பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ். பிரிண்டரின் பெயரைத் தேர்ந்தெடுங்கள்.
2. ‘பிரிண்டர் பிராப்பர்டீஸ்’ திறந்து ‘போர்ட்ஸ்’ பக்கம் போங்கள். டிக் இருக்கும் வரியைக் கவனியுங்கள். ‘டபிள்யூ.எஸ்.டி.’ என்று தொடங்கினால் விண்டோஸ் தானாகத் தேடிப் போட்டது. இது அடிக்கடி தொலைந்துபோகும் வகை.
3. ‘ஆட் போர்ட்’, ‘ஸ்டாண்டர்ட் டி.சி.பி./ஐ.பி. போர்ட்’, ‘நியூ போர்ட்’.
4. பிரிண்டரின் எண்ணைத் தட்டி ‘நெக்ஸ்ட்’, பிறகு ‘ஃபினிஷ்’. சாதன வகை கேட்டால் ‘ஜெனரிக் நெட்வொர்க் கார்ட்’ போதும்.
5. ‘அப்ளை’ கொடுத்து, ‘ஜெனரல்’ பக்கத்தில் ‘பிரிண்ட் டெஸ்ட் பேஜ்’.

தாள் வந்தும் கணினி இன்னும் ‘ஆஃப்லைன்’ என்றே காட்டினால், அதே போர்ட்ஸ் பக்கத்தில் ‘கன்ஃபிகர் போர்ட்’ திறந்து ‘எஸ்.என்.எம்.பி. ஸ்டேட்டஸ் எனேபிள்டு’ என்ற டிக்கை எடுங்கள். நிலையை விசாரிக்கும் அந்தக் கேள்விக்குச் சில பிரிண்டர்கள் பதில் சொல்வதில்லை. உடனே விண்டோஸ் அதைச் செத்ததாகக் கருதிவிடும்.

வரிசையில் சிக்கிய வேலை

எண் சரி, போர்ட் சரி, ஆனால் எதுவும் நகரவில்லை. ஒரு கெட்டுப்போன வேலை முன்னால் நின்று பின்னால் வருவதையெல்லாம் அடைத்திருக்கும். ‘டெலீட்டிங்’ என்று எழுதிக்கொண்டே மணிக்கணக்கில் நிற்பதும் இதுதான். விண்டோஸ் தேடலில் ‘சர்வீசஸ்’ என்று தட்டித் திறங்கள். வரிசையை நடத்தும் ‘பிரிண்ட் ஸ்பூலர்’ மேல் வலது கிளிக் செய்து ‘ஸ்டாப்’. பிறகு சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று உள்ளே போய், அங்கே இருக்கும் கோப்புகளை மட்டும் அழியுங்கள். பிரிண்டர்ஸ் ஃபோல்டரை அழிக்காதீர்கள். திரும்பி வந்து ஸ்பூலரை ‘ஸ்டார்ட்’ செய்யுங்கள். ஸ்பூலரை நிறுத்தாமல் அழிக்க முயன்றால் கோப்பு பயன்பாட்டில் இருக்கிறது என்று மறுக்கும்.

வரிசைப் பெட்டியில் ‘யூஸ் பிரிண்டர் ஆஃப்லைன்’, ‘பாஸ் பிரிண்டிங்’ என்ற இரண்டில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். பிரிண்டர் பட்டியலில் ‘லெட் விண்டோஸ் மேனேஜ் மை டிஃபால்ட் பிரிண்டர்’ என்பதையும் அணையுங்கள். அது கடைசியாகப் பயன்படுத்திய பிரிண்டரையே இயல்பாக்கிவிடும். நேற்று நீங்கள் பி.டி.எஃப். ஆகச் சேமித்திருந்தால் இன்று பிரிண்ட் தாளுக்குப் போகாமல் கோப்பாகப் போகும்.

யூ.எஸ்.பி. பிரிண்டர்கள்

கேபிள்தான் முதல் சந்தேகம். 5 மீட்டருக்கு மேல் நீளமான கேபிளும், நீட்டிப்புக் கேபிளும், மலிவான ஹப்பும் வேண்டாம். மேசைக் கணினியில் முன்பக்கத் துளையை விட்டுவிட்டுப் பின்பக்கத்தில் நேராகச் செருகுங்கள்.

ஆனால் துளை மாற்றுவதிலும் ஒரு விளைவு உண்டு. வேறு துளையில் செருகினால் விண்டோஸ் சில நேரம் அதைப் புதுப் பிரிண்டராக நினைத்து ‘காப்பி 1’ என்று பெயர் வைத்து, யூ.எஸ்.பி.002 என்ற புதுப் போர்ட்டைக் கொடுக்கும். டாலியும் வேர்டும் இன்னும் யூ.எஸ்.பி.001க்கு அனுப்பிக்கொண்டிருக்கும். பழைய பிரிண்டரின் போர்ட்ஸ் பக்கத்தில் டிக்கை 002க்கு மாற்றினால் போதும், ‘காப்பி 1’ஐ நீக்கிவிடலாம்.

புது லேப்டாப் வாங்கியபின் பழைய லேசர் ஓடவில்லை என்றால், லேப்டாப்பின் பிராசசரைப் பாருங்கள். ஸ்னாப்டிராகன் போன்ற ஆர்ம் பிராசசரில் ஓடும் விண்டோஸுக்குத் தனி டிரைவர் வேண்டும். எல்.பி.பி.2900 காலத்துப் பிரிண்டர்கள் தங்களுக்கே உரிய டிரைவர் இல்லாமல் ஒரு வரியும் அச்சிடாதவை. எந்தக் கேபிளை மாற்றியும் பயன் இருக்காது. பழைய கணினி ஒன்றை அந்தப் பிரிண்டருக்கென்றே விட்டுவிடுவது நல்லது.

அலுவலகத்தில் பகிர்ந்த பிரிண்டர்

ஒரு கணினியில் யூ.எஸ்.பி. பிரிண்டரை இணைத்து மற்றவர்களுக்குப் பகிர்வது சிறு அலுவலகங்களின் வழக்கம். அந்தக் கணினி தூங்கப் போனால் எல்லோருக்கும் பிரிண்ட் நிற்கும். பவர் அமைப்பில் ‘ஸ்லீப்’பை ‘நெவர்’ ஆக்குங்கள்.

பகிர்ந்த பிரிண்டரோடு இணையும்போது வரும், 11பி என்று முடியும் பிழை எண் 2021 செப்டம்பரில் வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பின் பரவலாகத் தெரிந்தது. பகிரும் கணினியும் கேட்கும் கணினியும் ஒரே அளவு பாதுகாப்போடு பேச வேண்டும் என்று அந்த அப்டேட் கட்டாயமாக்கியது. எனவே இரண்டு கணினிகளிலும் அப்டேட்டுகளை முழுமையாகப் போடுங்கள். விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை 0 ஆக்கச் சொல்லும் வழி இணையத்தில் நிறையக் கிடைக்கிறது. அது வேலை செய்யும், ஆனால் எந்த ஓட்டையை அடைக்க அப்டேட் வந்ததோ அதையே மறுபடி திறந்துவிடும். கணக்கு வழக்கு இருக்கும் கணினியில் அதைச் செய்யாதீர்கள். விண்டோஸ் 11 ப்ரோவின் 24எச்2 பதிப்பில் கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவும் இயல்பாகவே அடைக்கப்பட்டிருக்கிறது. பகிரும் கணினியில் கடவுச்சொல்லோடு ஒரு பயனர் கணக்கு உருவாக்கி, மற்ற கணினிகள் கேட்கும்போது அதைக் கொடுங்கள். பிரிண்டரில் லேன் துளை இருந்தால் இந்தப் பகிர்வையே விட்டுவிட்டு நேராக ரூட்டரில் செருகி, மேலே சொன்ன டி.சி.பி./ஐ.பி. போர்ட் வழியில் ஒவ்வொரு கணினியையும் சேர்த்துவிடுங்கள். ஒருமுறை செலவாகும் அரை மணி நேரம், பிறகு யார் கணினி அணைந்தாலும் கவலை இல்லை.

டிரைவர், கடைசியில்

இவ்வளவுக்குப் பிறகும் டெஸ்ட் பேஜ் வரவில்லை, அல்லது புரியாத குறிகளாக வருகிறது என்றால் இப்போது டிரைவரை மாற்றலாம். பிரிண்டரைப் பட்டியலிலிருந்து நீக்கி, அதே பக்கத்தின் கீழே ‘பிரிண்ட் சர்வர் பிராப்பர்டீஸ்’ திறந்து, ‘டிரைவர்ஸ்’ பகுதியில் அந்த மாடலைத் தேர்ந்தெடுத்து ‘ரிமூவ் டிரைவர் அண்ட் டிரைவர் பேக்கேஜ்’ கொடுங்கள். இதைச் செய்யாமல் மறுபடி நிறுவினால் பழைய டிரைவரே திரும்பி வரும். ‘பயன்பாட்டில் இருக்கிறது’ என்றால் ஸ்பூலரை நிறுத்தித் தொடங்கி உடனே முயலுங்கள். பிறகு தயாரிப்பாளரின் தளத்தில் மாடல் எண்ணைத் தட்டி டிரைவரை இறக்குங்கள். யூ.எஸ்.பி. மாடல்கள் பலவற்றில் நிறுவும் மென்பொருள் ‘இப்போது கேபிளைச் செருகு’ என்று கேட்கும் வரை கேபிள் வெளியே இருக்க வேண்டும்.

இறக்கும் இடத்தில் கவனம் தேவை. மாடல் எண்ணோடு ‘சப்போர்ட்’ என்று தேடினால் முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம். பிரிண்டர் நிறுவனத்தின் பெயரையும் சின்னத்தையும் வைத்துக்கொண்டு, நடுவில் ஒரு பிழைச் செய்தியைக் காட்டி, ஃபோன் எண்ணில் அழைக்கச் சொல்லும் போலித் தளங்கள் இருக்கின்றன. அழைத்தால் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவச் சொல்வார்கள், ‘வைரஸ்’ என்று பயமுறுத்திப் பணம் கேட்பார்கள். பிரிண்டர் பெட்டியில் அச்சிட்டிருக்கும் உதவி எண்ணைத் தவிர வேறு எதையும் அழைக்காதீர்கள். அந்த எண்ணிலும் யாருக்கும் ஓ.டி.பி. சொல்லாதீர்கள்.

ரூட்டர் பக்கத்திலேயே வைத்தும், நெட்வொர்க் அமைப்பை முழுதாக ரீசெட் செய்தும், ஃபோனின் ஹாட்ஸ்பாட்டில்கூடப் பிரிண்டர் சேரவில்லை என்றால் அதன் வைஃபை அட்டையே போயிருக்கலாம். ஹாட்ஸ்பாட்டை 2.4இல் வைத்துத்தான் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். உத்தரவாதக் காலம் இருந்தால் சர்வீஸ் மையத்துக்குக் கொண்டுபோங்கள். இல்லையென்றால் பழுது பார்க்கும் செலவைக் கேட்கும் முன் பின்பக்கத்தைப் பாருங்கள். யூ.எஸ்.பி. துளை வைஃபை அட்டையை நம்பி இல்லை. ஒரு சதுர முனைக் கேபிளை வாங்கிச் செருகினால் அதே பிரிண்டர் இன்றைக்கே வேலை செய்யும்.